சிவப்பு அம்பு ஸ்டிக்கர்

செக்கிங் வேலை பார்த்த பெண்ணோடு யாரும் துணிக்கடைக்குப் போய்விடக் கூடாது. என் தங்கையோடு போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைக்காரர் ஆசையாக ஒரு சுடிதாரை விரித்துப் போடுவார். இவள் முதல் வேலையாக அதை உள்பக்கம் திருப்புவாள். தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்ப்பாள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள். "அண்ணா, இங்க ஊசி ஓட்டை இருக்குதுங்க, ஒருக்கா துவைச்சா பெருசாயிரும்" என்பாள், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி. கடைக்காரர் முகம் தொங்கிப் போகும். நான் எதுவும் வாங்காமல் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வருவேன்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைத்து முடித்த ஒவ்வொரு பீஸும் செக்கிங் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த மேசையில் நிற்கிற பெண்களிடம் ஒரு ஸ்டிக்கர் ரோல் இருக்கும். சின்னச் சின்ன சிவப்பு அம்புகள். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ, எங்கே குறை இருக்கிறதோ அதைக் காட்டி ஓர் அம்பை ஒட்டி, பீஸை ஒதுக்கிப் போட வேண்டும். நான் அதே கம்பெனியில், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தேன். நான் தைத்ததிலேயே அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அக்கா என்ற தயவெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம்தான்.

வீட்டுக்கு வரும்போதும் நாலைந்து அம்புகள் அவள் சுடிதார் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். தீய்ந்துபோன தோசைமேல் ஓர் அம்பு ஒட்டி அம்மாவிடம் நீட்டுவாள். என் கணவருக்கு உச்சந்தலையில் முடி கொட்ட ஆரம்பித்தபோது, அவருக்குத் தெரியாமல் அங்கே ஓர் அம்பு ஒட்டிவிட்டாள். மனிதர் அதோடு கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு, வழியில் நின்று இரண்டு பேரிடம் பேசிவிட்டும் வந்தார். நாங்கள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடுகள்வரை கேட்டது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல கறுப்பு. அப்பாவின் மூக்கு, நுனியில் கொஞ்சம் அகலம். கன்னத்தில் சின்ன வயதில் அம்மை போட்ட தழும்பு இரண்டு. சிரித்தால் ஒரு பல்மேல் இன்னொரு பல் ஏறி நிற்பது தெரியும். அந்தப் பல்லைப் பார்ப்பதற்காகவே எங்கள் வீட்டில் அவளைச் சிரிக்க வைப்போம். அழகா என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. வீட்டில் ஒருத்தியைப் பார்த்து யார் அப்படி யோசிப்பார்கள்?

அப்பா போன பிறகு அம்மாவும் அவளும் திருப்பூர் மண்ணரையில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் ஒன்றில் இருந்தார்கள். நான் இரண்டு தெரு தள்ளி. கம்பெனியில் ஆர்டர் குறைந்து, வாரத்தில் பாதி நாள் விளக்கே போடாத நிலை வந்தபோது, ராயபுரத்தில் ஒரு சர்ப்ளஸ் கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் அங்கே சேர்ந்தாள். ஏற்றுமதிக்குப் போனது போக மிஞ்சிய துணிக்குத்தான் சர்ப்ளஸ் என்று பேர். மூட்டை மூட்டையாக வரும். நல்லதை ஒரு பக்கம், டேமேஜை ஒரு பக்கம் பிரிக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த வேலைதான்.

கடை முதலாளியை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முன்பு அவரிடம் வெளியூர்க் கடைக்காரர்கள் வேன் பிடித்து வந்து வாங்கிப் போவார்கள். எல்லோரும் ஃபோனிலேயே வாங்கப் பழகிவிட்ட பிறகு அந்த வேன்கள் வருவது நின்றது. அவரும் ஒரு ஃபோனையும் வட்ட விளக்கையும் வாங்கிக் கடையில் நிறுத்தினார். லைவ் போட்டு விற்பது என்று முடிவு செய்தார். பேசுவதற்கு அவர் மனைவியைத் தயார் செய்திருந்தார். அந்த அம்மாள் வாரம் முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டு, நேரம் வந்ததும், "எனக்கு நெஞ்சு படபடங்குதுங்க, நான் மாட்டேன்" என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். லைவ் ஓட ஆரம்பித்துவிட்டது. பின்னால் மூட்டை பிரித்துக்கொண்டிருந்த என் தங்கையைப் பார்த்து அண்ணன் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "கண்ணு, நீ ஒண்ணும் பேச வேண்டாம். பீஸை மட்டும் தூக்கிக் காட்டு, போதும்" என்றார்.

பீஸைத் தூக்கிக் காட்டியவள் பழக்க தோஷத்தில் அதை உள்பக்கம் திருப்பிவிட்டாள். "இதுல கழுத்துப் பட்டைகிட்ட ஒரு ஓட்டை இருக்குதுங்க. இது உங்களுக்கு வேண்டாங்க" என்று சொல்லி, ஓர் அம்பை ஒட்டி, ஓரமாகப் போட்டாள். அண்ணனுக்கு மூச்சே நின்றுவிட்டதாம். அடுத்த பீஸை எடுத்தாள். "இது நல்லா இருக்குதுங்க. தாராளமா வாங்கலாம்." அவ்வளவுதான். அவள் நல்லது என்று சொன்ன அத்தனையும் அன்றைக்கே விற்றுப் போனது. குறையை முதலில் காட்டி விற்கிற கடையை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் திருவிழாதான். பஸ் ஸ்டாண்டில் தெரியாத பெண்கள் அவளைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க அந்த ஸ்டிக்கர் அக்காதானுங்க?" என்று கேட்பார்கள். அம்மா மாதாந்திரப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸ் கூடப் போன தங்கையை அடையாளம் கண்டு அம்மாவுக்கு நாற்காலி போட்டாள். அம்மா அந்த நாற்காலிக் கதையைச் சொல்லாத ஆள் கிடையாது. தங்கை இரண்டு புதுப் புடவை வாங்கினாள், காதுக்குத் தொங்கட்டான் வாங்கினாள். நடையே மாறியது. கம்பெனியில் வரிசையில் நின்று, தலை குனிந்து பீஸ் பார்த்த பெண், முதல் தடவையாக நாலு பேர் தன்னை நிமிர்ந்து பார்க்கிற சந்தோஷத்தில் இருந்தாள். எனக்கும் பெருமைதான்.

கடைக்குக் கூட்டம் சேர்ந்ததும் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. "டேமேஜ் கண்டுபிடிங்க" என்று ஒரு போட்டி. ஒவ்வொரு லைவிலும் என் தங்கை ஒரு டேமேஜ் பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். குறை எங்கே இருக்கிறது என்று முதலில் எழுதுகிறவருக்கு ஒரு டிஷர்ட் இலவசம். பார்க்கிறவர்களெல்லாம் செக்கிங் ஆட்களாகிவிட்டார்கள். இடது கை மடிப்பு, கீழ் மடிப்பு, பாக்கெட் ஓரம் என்று மழை மாதிரி வந்து விழும். வியாபாரம் எகிறியது. பேக்கிங்குக்கு இன்னும் பெண்களைச் சேர்த்தார் அண்ணன். அதில் பாதிப் பேர் எங்கள் பழைய கம்பெனியில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஒரு நாள் யாரோ ஒருத்தன் எழுதினான்: "பீஸ் ஃப்ரெஷ். அதைக் கையில பிடிச்சிருக்கிற ஆள்தான் செகண்ட்ஸ்."

செகண்ட்ஸ் என்றால் எங்கள் ஊரில் குறைச் சரக்கு. ரோட்டோரம் தார்ப்பாய் விரித்துக் குவித்து விற்பது. அந்த வரிக்குக் கீழே சிரிக்கிற பொம்மை முகங்கள் வரிசையாக வந்து நின்றன. அதன் பிறகு அதுவே விளையாட்டானது. மூக்கை ஆல்டர் பண்ணணும். கன்னத்துல ரெண்டு ஓட்டை. பல் வரிசையில தையல் விட்டிருக்கு. கலர் டார்க் ஷேடு, ஃபாரின் பையர் ரிஜெக்ட் பண்ணிட்டான். சிவப்பு அம்புப் படத்தைப் போட்டு, கூடவே "முகம்" என்று எழுதினார்கள். எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஊர்க்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆல்டர் என்றால் பிரித்துத் திருத்தித் தைப்பது, ஷேடு என்றால் துணியின் நிறம் என்று வெளியூர்க்காரனுக்கு எங்கே தெரியப் போகிறது? பக்கத்து மிஷினில் உட்கார்ந்து, எங்களோடு டீ குடித்த யாரோதான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்குவதில்லை.

நல்லதாக எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள்தான் அதிகம். "உங்க பேச்சைக் கேட்கவே வர்றோம்க்கா" என்று எழுதுவார்கள். "உங்களை மாதிரி கறுப்பா இருக்கிற எனக்கு உங்களைப் பார்த்தாத் தெம்பா இருக்கு" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். நான் அதை வாசித்துக் காட்டினேன். தங்கை தலையாட்டினாள். ஆனால் அவள் செக்கிங் மேசையில் வளர்ந்த பெண். நல்ல பீஸ் கையில் நிற்காது, தானாக அந்தப் பக்கம் போய்விடும். டேமேஜ்தான் கண்ணில் பட்டு நிற்கும். எல்லாவற்றையும் வாசித்தாள். ஒன்று விடாமல் வாசித்தாள்.

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஒரு பொய்ப் பேரில் கணக்குத் தொடங்கி, திட்டுகிறவர்களை எல்லாம் ஒரு பிடி பிடித்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோறு, ஒரு கையில் ஃபோன். "உங்க ஊட்டுக் கண்ணாடிய மொதல்ல தொடச்சுப் பாருங்க சாமி" என்று மரியாதையாகத் தொடங்கி, கடைசியில் மரியாதை இல்லாமல் முடிப்பேன். அவர்களும் விடுவதில்லை. ஒரு வாரம் நானும் இன்னொருத்தனும் போட்ட சண்டையை ஊரே வேடிக்கை பார்த்தது. அந்த வாரக் கடைசியில் நான் கடைக்குப் போனபோது அண்ணன் சந்தோஷமாக வரவேற்றார்.

"அந்த ஐடி நீங்கதானுங்க? எனக்கு அப்பவே தெரியுமுங்க. நீங்க போட்ட சண்டையாலதான் அந்த வீடியோ அப்படி ஓடுச்சு. எத்தன பேரு பாத்திருக்காங்க தெரியுங்களா!"

எனக்குப் புரியவில்லை. அவர் உட்கார வைத்து விளக்கினார். பாராட்டினாலும் திட்டினாலும் ஃபோனில் லைவ் ஓட்டுகிற அந்த ஆப்புக்கு எல்லாம் ஒன்றுதானாம். கீழே எவ்வளவு எழுதுகிறார்களோ அவ்வளவு பேருக்கு வீடியோவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுமாம். நான் என் தங்கைக்காக எழுதிய ஒவ்வொரு வரியும் அவளைத் திட்ட இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். அம்மாவுக்குத் திடீரென்று மூச்சு வாங்கியபோது கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவர் அவர்தான். நான் போய்ச் சண்டை போட்டதும், கெட்ட கமெண்டுகளை எல்லாம் அழித்தார். போட்டியையும் நிறுத்தினார். அப்புறம் நடந்ததை நானே கண்ணால் பார்த்தேன். லைவுக்கு ஆள் வரவில்லை. பழைய வீடியோக்கள்கூட யாருக்கும் போய்ச் சேரவில்லை. பிரித்த மூட்டை பிரித்தபடி கிடந்தது. பேக்கிங் பெண்கள் டேப்பையும் கவரையும் மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

என் தங்கைதான் போட்டியைத் திரும்ப வைக்கச் சொன்னாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்கா? உன்னையக் கண்டவனும் பேசறதுக்கு நீயே எடம் குடுக்கறயா?"

"அவங்கெல்லாம் சும்மா உக்காந்திருக்காங்கக்கா. பாக்கவே ஒரு மாதிரியா இருக்குது. என்னையத்தானே சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டும்."

அப்படிச் சொல்லும்போது சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தப் பல் தெரியவில்லை. அவள் எப்போதிலிருந்து அப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். பீரோக் கண்ணாடியில் சிவப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. கிட்டே போனேன். அம்புகள். நான் கண்ணாடிமுன் நின்றபோது அவை என் முகத்தில் எங்கெங்கோ விழுந்தன. நான் அவளைவிடக் கொஞ்சம் உயரம். முழங்காலை மடக்கி அவள் உயரத்துக்கு இறங்கிப் பார்த்தேன். மூக்குக்கு இரண்டு பக்கமும் அம்பு. கன்னத்தில் அம்பு. வாய் இருக்கிற இடத்தில், பல்லைக் காட்டி ஓர் அம்பு. நெற்றிக்கு, மோவாய்க்கு, கழுத்துக்கு. ஒட்டுவதற்கு அவள் எவ்வளவு நேரம் அசையாமல் நின்றிருப்பாள் என்று நினைத்தேன். குழம்புப் பாத்திரம் கையில் சுட்டது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

குளித்துவிட்டு வந்தவள் என்னைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். "சும்மா வெளையாட்டுக்குக்கா" என்றாள்.

அம்மா வருவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து அவற்றை உரித்தோம். பசை போகவே இல்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் அங்கங்கே மங்கலாக நின்றது. அம்மா அடுத்த நாள் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, எந்தக் குழந்தை கை வைத்தது என்று திட்டியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு லைவில் அவள் முகம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. தோலெல்லாம் வழவழவென்று, நிறம் வெளுத்து, மூக்கு ஒடுங்கி. ஃபோனிலேயே அப்படி மாற்றிக் காட்டுகிற ஃபில்டராம். எனக்குப் பார்க்க யாரோ மாதிரி இருந்தாலும், அவள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தாள். நிமிர்ந்து பேசினாள். சரி, இப்படியாவது இருக்கட்டும் என்று நானும் விட்டேன். ஆனால் அந்த ஃபில்டர் அவள் முகத்தோடு நிற்கவில்லை, கையில் இருக்கிற துணியையும் சேர்த்து வெளுத்துக் காட்டியது. மெரூன் ரோஸாகத் தெரிந்தது. பாட்டில் பச்சை புதினாச் சட்னி மாதிரி தெரிந்தது. வாங்கியவர்கள் நிறம் வேறாக இருக்கிறது என்று பார்சலைத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"தப்பா நெனைக்காத கண்ணு. ஷேடு மாறுதுன்னு ரிட்டன் வருது. அந்த ஃபில்டர மட்டும் எடுத்துரலாமா?"

அவள் "சரிங்கண்ணா" என்றாள். அவளும் இந்தத் தொழிலில் இருந்தவள்தானே. துணியின் நிறம் மாறக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். அன்றிலிருந்து துணிகள் அவையவை நிறத்தில் தெரிந்தன. இவளும் இவள் நிறத்தில்.

கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு என்ன விற்கலாம் என்று ஃபோனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் எதையும் தேடாமலே அது கிரீம் கிரீமாகக் கொண்டு வந்து காட்டியது. அதில் ஒரு பெண்மணி, அவளும் லைவ் போட்டுத்தான் விற்பாள். இவள் மாதிரியே வீட்டுப் பேச்சு. "கண்ணுகளா, நானும் உங்கள மாதிரிதான் அழுதுட்டிருந்தேன்" என்று தொடங்குவாள். அவளுடைய கமெண்டிலும் சண்டை நடக்கும், கூட்டம் சேரும். என் தங்கையை உடைத்தது எதுவோ அதே வழியில் அந்தக் கிரீம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வெள்ளை டப்பா. மேலே ஒரு பூப்படம். யார் செய்தது, எதில் செய்தது, ஒன்றும் கிடையாது. ஊசி ஓட்டைக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கு நின்ற பெண், அந்த டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. முகம் வெளுத்தது, தழும்பு மங்கியது. "அக்கா செம கிளாமர்", "சீக்ரெட் சொல்லுங்க" என்று எழுதினார்கள். வியாபாரமும் நன்றாக நடந்தது. அம்மா ஜாதகத்தைக் கையில் எடுத்தாள். தங்கை வாயைத் திறந்து சிரித்ததைக் கூட ஒரு லைவில் பார்த்தேன். நான் அன்றைக்கு மனசார சந்தோஷப்பட்டேன். அந்தக் கிரீம் என்னவென்று தெரியாத சந்தோஷம்.

பிறகு வெயிலில் போனால் எரிகிறது என்றாள். கன்னம் எந்நேரமும் அறைந்த மாதிரி சிவந்திருந்தது. பூனை முடி மாதிரி முகத்தில் முடி வந்தது. அதை மறைக்க இன்னும் கொஞ்சம் கிரீம் பூசினாள். ஒரு நாள் போடாமல் விட்டதில் முகம் முழுக்கச் சீழ்க்கட்டி கிளம்பி, கண் இமை வீங்கிப்போய் வந்து என் வாசலில் நின்றாள். துப்பட்டாவை விலக்கியதும் நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்று கத்தின பிறகுதான் தெரிந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் அம்மாள் அவள் முகத்தையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டப்பாவைத் தூர வைத்தார். இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறார்கள், தினமும் இந்த மாதிரி யாராவது ஒரு பெண் வருகிறாள் என்றார். தோல் மெலிந்துவிட்டது, ஆறுவதற்கு ரொம்பக் காலம் ஆகும், பழையபடி முழுக்க வருமா என்று சொல்ல முடியாது என்றார். தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மொதல்ல இருந்த மாதிரி ஆனாப் போதுங்க மேடம். அந்தக் கறுப்பே போதுங்க." டாக்டர் அம்மாள் சீட்டை இழுத்து மருந்து எழுதினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கட்டிகள் ஆறின. ஆனால் முகம் திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. சில இடம் கருகல், சில இடம் வெளுப்பு, கன்னத்தில் சின்னச் சின்னச் சிவப்பு நரம்புகள். அண்ணன் வீட்டுக்கே வந்து பார்த்தார். கண் கலங்கினார். வேலையை விட்டு நிறுத்துவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் நிறுத்தவில்லை.

"மொகம் எதுக்குங்க கண்ணு? கேமராவக் கொஞ்சம் கீழ எறக்கிக்கலாம். உன்ர கையும் பேச்சும் இருந்தாப் போதும்."

அப்படியே செய்தார்கள். இப்போதெல்லாம் லைவில் அவளுடைய கைகள் மட்டும்தான். பீஸைத் திருப்புகிற கைகள், அம்பு ஒட்டுகிற விரல்கள், மேலிருந்து வருகிற குரல். கடை விழுந்துவிடும் என்று நான் நினைத்தேன். மனதுக்குள் ஒரு மூலையில் விழட்டும் என்றுகூட நினைத்தேன். விழவில்லை. துணி பெரிதாகத் தெரிகிறது, இதுதான் வசதி என்று எழுதினார்கள். விற்பனை கூடியது. முகம் எங்கே என்று ஒரு வாரம் கேட்டார்கள், அப்புறம் கேட்கவில்லை. திட்டுவதற்கும் ஒன்றும் இல்லாமல் போய், போட்டியில் டேமேஜை மட்டும் ஒழுங்காகக் கண்டுபிடிக்கிறார்கள். முதல் நாளே கேமராவைக் கீழே இறக்கியிருக்கலாம். அந்த முகம் அங்கே யாருக்கும் தேவைப்பட்டிருக்கவே இல்லை. இதை நினைக்கும்போது சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வெளியே வந்தால் மாஸ்க், அதற்கு மேல் துப்பட்டா. கணியூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். ஃபோட்டோ என்றதும் தங்கை ஃபோனைக் கையில் வாங்கிக்கொண்டாள். "நான் எடுக்கறேன், நீங்கெல்லாம் நில்லுங்க." சொந்தக்காரர்கள் எல்லோரும் கூப்பிட்டும் வரவில்லை. குழந்தையைச் சிரிக்க வைக்க நாக்கைத் துருத்தினாள் போலிருக்கிறது, மாஸ்க்குக்குள். அந்த நாளின் எல்லாப் படத்திலும் நாங்கள் அவளைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றில்கூட அவள் இல்லை.

போன மாதம் ஃபோனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே போனபோது திடீரென்று அவள் முகம் வந்தது. பழைய முகம். கிரீமுக்கு முந்தியது, ஃபில்டருக்கும் முந்தியது. அந்த முதல் லைவில் ஒரு துண்டு. வேறு ஏதோ ஊரில், யாரோ ஒரு கடைக்காரன் அதைத் திருடி, தன் கடைப் பேரைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்படிப் பட்டது போதாது என்று இன்னும் எவனோ ஒருத்தன் இவளை வைத்துச் சம்பாதிக்கிறான். அதை நீக்கச் சொல்லிப் புகார் கொடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஃபோனை எடுத்துக்கொண்டு அப்படியே நடந்து போனேன்.

ஞாயிறு மத்தியானம். அம்மா படுத்திருந்தாள். தங்கை வாசல் கதவைச் சாத்திவிட்டு, மாஸ்க் இல்லாமல், அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொல்லி ஃபோனை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் பயம் வந்தது. கடைப் பக்கத்தில் இருந்த பழைய வீடியோக்களை எல்லாம் அவளே எப்போதோ அழித்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வீடியோ ஓடியது. "இதுல கழுத்துப் பட்டைகிட்ட ஒரு ஓட்டை இருக்குதுங்க" என்றது அவள் பழைய குரல்.

ஓர் இடத்தில் நிறுத்தினாள். சிரிக்கிற இடம். பல்மேல் பல் ஏறியிருக்கிறது. அதை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். ஃபோனை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மேலிருந்து கீழே பார்த்தாள், பிறகு இடமிருந்து வலம். மேசையில் ஒரு பீஸ் வந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி. நெற்றி, மூக்கு, கன்னம், வாய், மோவாய். அவசரப்படவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, இதுல நான் எங்க ஸ்டிக்கர் ஒட்டுனேன்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். ஒவ்வொரு இடமும் தெரியும். நான்தானே உரித்தேன்.

"ஒண்ணுமே இல்லையேக்கா" என்றாள். இன்னொரு தடவை பார்த்தாள். "நல்லாத்தான் இருந்திருக்கேன். நெம்ப நல்லா இருந்திருக்கேன்."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மா எழுந்துவிடப் போகிறாள் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. ஃபோனை என் மடியில் திருப்பி வைத்தாள். முறத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"புகார் குடுக்க வேண்டாங்க்கா. எந்த ஊருலயோ ஓடிட்டிருக்குதல்ல, அது பாட்டுக்கு ஓடட்டும்."

அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. அந்தக் கடையின் பேர் எனக்கு மனப்பாடம். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் போய், அது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் செருப்பைப் போடுகிறேன்.